யோபுவோடு உட்கார்ந்தவர்கள்

...ஏழு நாளும் வாய் திறக்காமல் எப்படித்தான் இருந்திருப்பார்கள், தொண்டையைக்கூடச் செருமாமலா, என்று ஒரு பக்கம் யோசித்தபடியே ஐரின் போனை வாயருகே பிடித்துப் பேசி முடித்தாள். பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபுவோடு அவன் சிநேகிதர்கள் ஏழு நாள் தரையில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள், துக்கத்தில் இருப்பவர்களுக்கு நம் வார்த்தை வேண்டாம் பிரியமானவர்களே, நாம் பக்கத்தில் இருந்தாலே போதும், ஆமென். அனுப்பியாயிற்று. சபைப் பெண்களின் வாட்ஸாப் குழுவுக்குத் தினமும் காலையில் அன்றைய வேதபகுதியைப் பற்றி அவள்தான் பேசி அனுப்புகிறாள், ஆதியாகமத்தில் தொடங்கியது, லேவியராகமத்தில் பாதிப் பேர் கழன்றுகொண்டார்கள், நாளாகமத்தின் பெயர் வரிசைகளையும் தாண்டி இப்போது யோபு. உடனே ஒரு கைகூப்பும் படம் வந்து விழுந்தது. அதற்குள்ளாகவா? கேட்டு முடித்திருக்கவே முடியாதே... அடுத்து ஒரு ரோஜாப்பூ. அக்கா, நீங்கள் சொன்னது தப்பு என்றாவது யாராவது எழுதக் கூடாதா. புருஷன் ஓஸ்வால்ட் உயிரோடு இருந்தவரை சொல்வார், ஷேவ் பண்ணிக்கொண்டே, நீ வேதத்தைப் படிக்கல ஐரின், பிரசங்கம் பண்ற என்பார், கோபம் கோபமாக வரும், இப்போது கோபித்துக்கொள்ளவும் வீட்டில் ஆள் இல்லை. மகள் கேரல் தனியாக வைட்ஃபீல்டில் இருக்கிறாள், மெட்ரோவில் போகும்போது கேட்கிறேன் மம்மி என்கிறாள், எதைப் பற்றிப் பேசினேன் சொல்லு என்றால், நல்லா இருந்துச்சு மம்மி.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். யாரோ என்ன, ஜானகிதான், இனி அந்த வீட்டில் வேறு யார் இருமுவது. அவள் புருஷன் பொம்மசந்திராவில் கம்பெனி வேலைக்குப் போனவன், நெஞ்சுவலி என்றார்கள், ஆம்புலன்ஸில்தான் திரும்பினான். காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் ஊருக்குப் போன பிறகு ஐரின் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தாலே போதும்... யாருக்குச் சொன்னாய் இதை, இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர், நீ பேசியது குழுவில் யாருக்குக் கேட்டதோ, அவளுக்குக் கேட்டிருக்கும். செருப்பைக்கூடப் போடாமல் எழுந்து போனாள். வெறுங்கையோடு போகிறோமே என்று ஜானகியின் வாசலில் நின்றபோதுதான் தோன்றியது. ஜானகி முறத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள், ஒருத்திக்கு எதற்கு இவ்வளவு பூண்டு, கேட்கக் கூடாது, ஐரின் எதிரே தரையில் உட்கார்ந்து தானும் ஒரு பூண்டை எடுத்தாள். முழங்கால் வலித்தது. பேசாதே, பேசாமல் இரு, சொன்னாய் அல்லவா... எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது பேசாமல் இருப்பது.

கடைசியில் ஜானகிதான் பேசினாள். “காலைல யாரோ தரையில உக்காந்தாங்கன்னு சொன்னீங்களேக்கா. குக்கர் விசில் வந்துடுச்சி. அப்புறம் என்னாச்சு?”

“அப்புறம்... பேச ஆரம்பிச்சிட்டாங்கம்மா. நீ ஏதோ தப்பு பண்ணியிருப்ப, அதான் உனக்கு இப்படின்னு.”

“எங்க நாத்தனாரு மாதிரி,” என்றாள் ஜானகி, தலை நிமிராமல். “என் ஜாதகம்தான் அவரக் கொன்னுச்சாம். அந்த ஆளு என்ன பண்ணான்?”

“சண்ட போட்டான். அவங்களோட, கடவுளோட.”

“நல்லா போட்டானா?”

“நல்லா போட்டான்.”

ஜானகி லேசாகச் சிரித்தாள். “அவரும் கேப்பாருக்கா, நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்து படுத்துனே. அக்கா இன்னிக்கு எந்த ராஜாவ கொல்றாங்க, பேசாம கேளுன்னுவாரு.” ஐரினுக்கும் சிரிப்பு வந்தது, கூடவே வேறு ஏதோ, கேட்பதற்கு ஆள் இல்லை இல்லை என்று ஏங்கிக்கொண்டிருந்தோமே, ஒருவன் சுவருக்கு அந்தப் பக்கம் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு கேட்டிருக்கிறான், சந்தில் எதிரே வந்தால் தலையாட்டுவான், இவளும் தலையாட்டிவிட்டுப் போவாள், ஒரு வார்த்தை நின்று பேசியிருப்போமா, அவன் பெயரே காரியப் பத்திரிகையில்தானே தெரிந்தது, சந்திரன்...

“ஞாயித்துக்கெழம எங்கண்ணன் வராருக்கா. வீட்ட காலி பண்ணிட்டு திருப்பத்தூருக்கு வந்துடுன்றாரு. தனியா ரொம்ப பேஜாரா இருக்கு. போறது நல்லதுதானேக்கா?”

நல்லதுதான், அண்ணன் கூப்பிடுகிறான், போக ஓர் இடம் இருக்கிறது, கர்த்தர் வழி திறந்தார் என்று சொல்ல வேண்டியதுதானே, குழுவில் என்றால் சொல்லியிருப்பாள்... “என்ன அவசரம், கொஞ்ச நாள் இருந்துட்டுப் போயேன்,” என்றது ஐரினின் வாய். சொன்ன பிறகுதான் அது அவளுக்கே கேட்டது.

ஜானகியின் விரல்கள் நின்றன. முதல் தடவையாக நிமிர்ந்து ஐரினின் முகத்தைப் பார்த்தாள். “நான் போய்ட்டா உங்களுக்குக் கஷ்டமா இருக்குமாக்கா?”

இல்லம்மா என்று சொல்லிவிடலாம், சொல்வதா கஷ்டம், தினமும் தடங்கல் இல்லாமல் பேசுகிறவள்தானே... ஆறுதல் சொல்ல வந்தது நான், தாலி இழந்தது அவள், கேட்கிறதும் அவளா. கேரல் கேட்கவில்லை, சபையில் யாரும் கேட்கவில்லை, எதிரே தரையில் உட்கார்ந்து ஒருத்தி இப்படிக் கேட்டால் என்ன சொல்வது, உண்மையைச் சொன்னால் அவள் போகாமல் இருந்துவிடுவாளோ... அதைத்தான் நான் வேண்டிக்கொண்டிருக்கிறேனோ...