ஆறு செவ்வாய்க்கிழமைகள்

கான்கிரீட் காய்ந்தால் சுருங்கும். ஒரு மீட்டருக்கு அரை மில்லிமீட்டர் சுருங்கினாலே பெரிய விஷயம். "இதக் கண்டுபிடிக்கவா அஞ்சு வருஷம் படிக்கிற?" என்று என் அக்கா கேட்டபோது எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த அரை மில்லிமீட்டரில்தான் அவள் வீட்டு மொட்டைமாடி ஒழுகுகிறது. அதைச் சொன்னேன். இரண்டு மாதம் பேசாமல் இருந்தாள்.

எனக்கு வாய் அப்படி. பன்னிரண்டு வருடம் கட்டட வேலைத்தளத்தில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை. முப்பத்தொன்பது வயதில் முனைவர் பட்டத்துக்கு என்று வந்து சேர்ந்தால், வழிகாட்டியாகக் கிடைத்தவர் என்னைவிட ஐந்து வயது சின்னவர். அவர் என்னை மேடம் என்பார், நான் அவரை சார் என்பேன். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் தம்பி சார்.

என் ஆராய்ச்சி இருபத்துநான்கு கான்கிரீட் கட்டைகள். ஈரப்பதம் கூடாமல் குறையாமல் வைத்திருக்கும் ஓர் அறையில் அவை வரிசையாக நிற்கும். ஒவ்வொரு கட்டையிலும் ஒரு சாண் இடைவெளியில் இரண்டு குட்டி எஃகு வட்டுகள் ஒட்டியிருக்கும். கேஜ் என்று நாங்கள் சொல்லும் கருவியின் இரண்டு ஊசிக்கால்களையும் அந்த வட்டுகளில் பொருத்தி, டயலில் தெரியும் எண்ணைப் படிக்க வேண்டும். வாரா வாரம் செவ்வாய்க்கிழமை, நூறு வாரம். அழுத்திப் பிடித்தால் ஓர் எண், லேசாகப் பிடித்தால் வேறோர் எண். அதனால் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை ஒரே ஆள்தான் படிக்க வேண்டும் என்பது எங்கள் ஆய்வகத்தில் எழுதாத சட்டம். "கை மாறினா ரீடிங் மாறும், கதவத் திறந்தா ஈரம் மாறும்" என்று அறைக் கதவிலேயே எழுதி ஒட்டினேன். ஒட்டியது யாருக்காக என்றால் சுருள்முடிக்காக. அவன் எனக்கு இரண்டு வருடம் பிந்தி வந்த ஆராய்ச்சி மாணவன். ஒருமுறை கதவைச் சாத்தாமல் போய்விட்டான். அன்று நான் போட்ட சத்தம் கீழ்த்தளம் வரை கேட்டதாம்.

முப்பதாவது வாரம் முடிந்து நான்காம் நாள், குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

தம்பி சார் அப்போது மூன்று மாதப் பயிற்சிக்காக வெளிநாடு போயிருந்தார். ஒரு மின்னஞ்சல் போட்டிருக்கலாம். சுருள்முடியைக் கூப்பிட்டிருக்கலாம், மறுபேச்சு இல்லாமல் செய்து கொடுத்திருப்பான். அவனிடம் போய் நிற்பதா என்று ஒரு வீம்பு. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு, வேறென்ன சொல்ல?

என் கணவர் பல்செட் செய்கிறவர். பல் மருத்துவர்கள் எடுத்தனுப்பும் அச்சைப் பார்த்து, கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஒரு முடியளவு கூடாமல் குறையாமல் பல்லைச் செதுக்குவார். "நீயும் சிமெண்டு, நானும் சிமெண்டு. உனக்கு லாரில வருது, எனக்கு டப்பால வருது" என்பது அவருடைய பழைய ஜோக். செவ்வாய்க்கிழமை மதியம் ஆய்வகத்தில் எல்லாரும் சாப்பிடப் போகும் நேரத்தில் அவரை அழைத்துப் போனேன். மற்ற நாட்களில் வீட்டிலிருந்தே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டதால், மாவுக்கட்டு யார் கண்ணிலும் படவில்லை.

"தப்பாயிடுச்சுன்னா?" என்றார்.

"தப்பாகாது. நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

அவர் கேஜைப் பிடித்து எண்ணைச் சொல்ல, நான் இடது கையால் கோழி கிறுக்கல் போல எழுதினேன். ஆறு செவ்வாய்க்கிழமை. 'படித்தவர்' என்ற கட்டத்தில் ஆறு முறையும் என் கையெழுத்தைப் போட்டேன். நோட்டில் எழுதியது நான்தானே, கண்காணித்தது நான்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களும் இப்படித்தான் ஏதாவது சொல்லிக்கொள்வார்கள் போலிருக்கிறது.

தம்பி சார் திரும்பி வந்து வரைபடத்தைப் பார்த்தார். என் அளவுகள் எப்போதும் கோட்டுக்கு மேலும் கீழுமாகச் சிதறிக் கிடக்கும். முப்பத்தொன்றிலிருந்து முப்பத்தாறு வரை மட்டும் எறும்பு வரிசை போலக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தன. அவருக்கு ஒரே சந்தோஷம்.

"புது ஏசி போட்டோம்ல மேடம், அதான்."

புது ஏசி அந்த மாதம்தான் போட்டிருந்தார்கள், உண்மைதான். தலையை ஆட்டினேன். முப்பத்தேழாவது வாரம் என் கை குணமாகி நானே படித்ததும் சிதறல் திரும்ப வந்தது. அதற்கும் அவரே காரணம் கண்டுபிடித்தார்: கதவை யாரோ அடிக்கடி திறந்து வைக்கிறார்கள். யார் என்று எல்லாருக்கும் தெரியும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அதற்கும் தலையை ஆட்டினேன். 'நல்ல ஏசி இருந்தால் அளவுகள் சிதறாது' என்பது என் ஆய்வேட்டின் ஐந்தாவது முடிவாக அச்சாகிவிட்டது. முதல் பக்கத்தில், அளவுகள் அனைத்தும் நானே எடுத்தவை என்ற உறுதிமொழியின் கீழ் கையெழுத்தும் போட்டேன்.

போன மாதம் வாய்மொழித் தேர்வு. ஒரு கல்லூரியில் எனக்கு விரிவுரையாளர் வேலை தயாராக இருந்தது. மாதக் கடைசிக்குள் பட்டம் கிடைத்ததற்கான கடிதம் கொடுத்தால் வேலை எனக்கு, இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்கு. நாற்பத்துநான்கு வயதில் எனக்கு இன்னொரு வேலை இப்படிக் காத்திருக்கப் போவதில்லை. அதனால் புடவை மடிப்பைக்கூட மூன்று முறை சரிசெய்துகொண்டுதான் உள்ளே போனேன்.

வெளியிலிருந்து தேர்வாளராக வந்திருந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் நல்லபடியாகவே கேட்டார். பிறகு ஆய்வேட்டைப் புரட்டி ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

"இந்த ஆறு வாரம் ரொம்ப அழகா இருக்கு. உங்க புத்தகத்துலயே இதான் சிறந்த அளவு. எப்படி எடுத்தீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி சார் எழுந்தார். என் மேல் அவருக்கு அவ்வளவு அக்கறை.

"புது ஏசி மேடம். அஞ்சாவது முடிவுல எழுதியிருக்கோம்."

"முப்பத்தேழாவது வாரம் ஏசி எங்க போச்சு?"

"கதவு விஷயத்துல ஒரு மாணவர் கொஞ்சம் கவனக்குறைவா இருந்துட்டார்."

அறையில் இருந்த இருபது பேரும் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தார்கள். சுருள்முடி அங்கே உட்கார்ந்திருந்தான். காலையில் நாற்காலி போட்டது, திரை கட்டியது எல்லாம் அவன்தான். தலை குனிந்துகொண்டான். அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும் எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. இந்தத் தடவை கோபம் என் மேல்தான்.

"அவன் கதவத் திறக்கல மேடம். ஏசியும் காரணம் இல்ல. எனக்குக் கை உடைஞ்சிருந்தது. அந்த ஆறு வாரமும் ரீடிங் எடுத்தது என் வீட்டுக்காரர். நான் எடுத்ததாக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

தம்பி சார் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அவரும் இன்ஜினியரா?" என்று தேர்வாளர் கேட்டார்.

"இல்ல மேடம். பல்செட் செய்யறவர்."

யாரும் சிரிக்கவில்லை. என்னை வெளியே போய் உட்காரச் சொன்னார்கள்.

நடைக்கூடத்து பெஞ்சில் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். சுருள்முடி ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். "மன்னிச்சுக்கப்பா" என்றேன். "பரவாயில்லக்கா, குடிங்க" என்றான். மூன்று வருடமாக அவனை நான் ஒருநாள்கூட அப்பா, ராசா என்று கூப்பிட்டதில்லை.

பிறகு தம்பி சார் வந்தார். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் மேடம்" என்று மட்டும் சொன்னார். தீர்ப்பையும் அவரே சொன்னார். ஆய்வேட்டை நிராகரிக்கவில்லை, ஏற்கவும் இல்லை. ஐந்தாவது முடிவை அடித்துவிட வேண்டும். அதே இருபத்துநான்கு கட்டைகளையும் நானும் என் கணவரும் ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாமல் பத்துச் செவ்வாய்க்கிழமை படிக்க வேண்டும். இரண்டு கைக்கும் உள்ள வித்தியாசத்தைப் புது அத்தியாயமாக எழுதிக்கொண்டு மறுபடி வர வேண்டும். ஆக, மூன்று மாதம். கல்லூரி வேலை போனது போனதுதான்.

வீட்டுக்கு வந்தபோது அவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே எழுந்துவிட்டார்.

"அந்த ஆறு வாரம்தானே?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும். என் கை பட்டு உன் படிப்பு கெடும்னு அன்னைக்கே பயந்தேன். ஜர்னல்ல இருந்து உன் கட்டுரையத் திருப்பி அனுப்பறப்பல்லாம் அதுதான் காரணம்னு நினைச்சுக்குவேன். கேக்கத்தான் தைரியம் வரல."

மூன்று வருடம். இந்த மனிதர் மூன்று வருடமாக இதை வயிற்றில் வைத்துக்கொண்டு, தினமும் காலையில் எனக்குத் தண்ணீர் பாட்டில் நிரப்பிக் கொடுத்திருக்கிறார்.

"கெடலங்க. நீங்க எடுத்ததுதான் என் புத்தகத்துலயே சிறந்ததாம். அந்தம்மா அவங்க வாயாலயே சொன்னாங்க. தப்பு நான் போட்ட கையெழுத்துல."

"இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன். இனி பத்துச் செவ்வாய்க்கிழமை அவரும் வந்து படிக்க வேண்டும் என்பதையும் சொன்னேன். பையிலிருந்து ஆய்வேட்டை எடுத்து அந்தப் பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தேன். இதுவரை அவர் அதைத் தொட்டதே இல்லை, கனமாக இருக்கிறது என்பார். வேலைக்குப் போடும் பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, முப்பத்தொன்றிலிருந்து முப்பத்தாறு வரை ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்தார்.

"கோட்டு மேலயே இருக்கு" என்றார்.

"ஆமாங்க."

பக்கத்தைத் திருப்பினார். முதல் பக்கம் வரை போய்த் திரும்பி வந்தார். குறையாகச் சொல்லவில்லை. பல் அச்சில் ஒரு பல் இல்லையென்றால் சொல்வாரே, அதே குரலில்தான் சொன்னார்.

"என் பேரு எங்கயும் இல்லையே."

"இல்லங்க" என்றேன். "நான் போடல."

அவர் பூதக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கொஞ்ச நேரம் ஆய்வேட்டை மூடாமலே மடியில் வைத்திருந்தார். அதற்குப் பிறகுதான், செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டார்.