யெர்னெயின் புகைபோக்கி

1

இந்தக் கதை எனக்குப் பேருந்து நிறுத்தத்தில் கிடைத்தது. ஸ்லோவேனியாவில், ஒரு மலைக் கணவாயின் அடிவாரத்தில் வெகுகாலமாக வசிக்கிறேன். குளிர்காலத்தில் இங்கே யாரும் உடம்பு எப்படி என்று கேட்பதில்லை. மேலே பனிக்கட்டி எப்படி என்றுதான் கேட்பார்கள். அன்று நிறுத்தத்தில் கயிறும் பனிக்கோடரியுமாக நின்ற ஒருவர் மலையை அண்ணாந்து பார்த்தார்.

"புகை இல்ல. கெளம்பலாம்."

நான் கேட்டது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: வெண்பனி போர்த்திய சிகரங்களின் மடியில், ஒரு...

வேண்டாம். சிகரத்துக்கு மடி எதற்கு?

இரண்டாவது: யெர்னெய் ஒரு பொய்யன்.

இது பரவாயில்லை. கணவாயின் உச்சியில் மலையேறிகள் தங்கும் விடுதியை அவனும் மனைவி மிலெனாவும் நடத்துகிறார்கள். சற்றுத் தள்ளி ஓர் அருவி உறைந்து தொங்கும். ஏறலாமா என்று ஊரே அவனைத்தான் ஃபோனில் கேட்கும். பனிக்கட்டி கெட்டியாக இருக்கிற நாளில் அவன், "மோசம், வராதீங்க" என்பான். அடுப்பை அணைத்துவிட்டு மனைவியோடு தானே ஏறப் போய்விடுவான்.

[வாசகர்கள் இவனை வெறுத்துவிடுவார்களோ என்று, இவன் ஒரு நாய்க்குட்டியைக் காப்பாற்றுவதாக ஒரு பத்தி எழுதினேன். நாய் ஒத்துழைக்கவில்லை. எடுத்துவிட்டேன்.]

3

அன்று காலை தெற்கிலிருந்து வெதுவெதுப்பான காற்று அடித்தது. யெர்னெய் அருவியைக் கோடரியால் தட்டிப் பார்த்தான். உள்ளே வெற்றிடம் இருக்கும் ஓசை. கட்டிக்கும் பாறைக்கும் நடுவே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. யாராவது ஏறினால் மொத்தமாகப் பெயர்ந்து விழும். விடுதிக்குத் திரும்பினால் வீடெல்லாம் புகை. காற்று புகைபோக்கி வழியே புகையைக் கீழே தள்ளியதால் மிலெனா அடுப்பை அணைத்திருந்தாள்.

மிலெனாவின் தங்கை பொலோனா ஃபோன் செய்தாள். அவளும் கணவன் ததேயும் அன்று அருவி ஏற வருவதாக இருந்தது.

"மோசம் பொலோனா. பின்னால தண்ணி ஓடுது. வராத."

"போன வாரமும் இதேதான் சொன்னீங்க அத்தான். சாயங்காலம் பாத்தா அக்கா மூஞ்சியெல்லாம் வெயில்ல செவந்து கெடந்துச்சு."

"இன்னிக்கு நெசமாத்தான் சொல்றேன்."

"அப்படின்னா ரொம்பவே நல்லாருக்கு போல. பள்ளத்தாக்குல எறங்குறோம், அங்க சிக்னல் கெடைக்காது."

துண்டித்துவிட்டாள். யெர்னெய் தலையில் கைவைத்துக்கொண்டான். மிலெனா மட்டும் கூரையைப் பார்த்தாள்.

"உன் பேச்ச வச்சு அவ கெளம்பலய்யா. புகை இல்லேன்னா நாம ஏறப் போயிட்டோம்னு ஊருக்கே தெரியும். எல்லாரும் புகைபோக்கியத்தான் பாக்கறாங்க."

"எப்பலேருந்து?"

"நம்ம கல்யாணத்துலேருந்து."

"ஏன்டி சொல்லல?"

"இந்த வீட்ல ஒண்ணாவது உண்மை பேசட்டும்னுதான்."

4

ஓடிப்போய்த் தடுக்கலாமே என்பீர்கள். அருவிக்கு இறங்கும் சரிவிலும் இதற்குள் பனி இளகிவிட்டது. கால் வைத்தால் சரிவே கூட வரும். வருகிறவர்களுக்கோ, பள்ளத்தாக்கில் இறங்கிய பிறகு ஒரே ஒரு திருப்பத்திலிருந்துதான் கூரை தெரியும். அதற்குப் பிறகு தெரியாது.

ஆகவே யெர்னெய் அடுப்பில் ஈரக் கிளைகளைத் திணித்தான். மிலெனா பானை மூடியால் விசிறினாள். முக்கால் புகை அறைக்குள் வந்தது. இருமிக்கொண்டே அவன், இனிமேல் வாயே திறப்பதில்லை என்று சத்தியம் செய்தான். அதையும் அவள் நம்பவில்லை. மீதிக் கால் பங்கு ஒருவழியாக மேலே போனது.

முடிவு ஒன்று: இருவரும் புகையைக் கண்டு திரும்பி... சுலபமாகப் போய்விட்டது.

முடிவு இரண்டு: எழுத மாட்டேன். பொலோனாவை எனக்குப் பிடித்துவிட்டது.

ஆகவே அவர்களைத் திருப்பத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். ததேய் கண்ணுக்கு மேல் கைவைத்துப் பார்க்கிறான். காற்று அந்தக் கால் பங்கையும் கூரைமேல் படுக்கப் போடுகிறது. புகையா, மேகமா என்று அவன் கேட்கிறான். பொலோனா இடுப்புக் கயிற்றை இறுக்குகிறாள்.

அடுப்பு எரிவதை நீங்கள் பார்த்தீர்கள். சத்தமாக ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் எடுபடாது. நாய்க்குட்டி விஷயம் அவர்களுக்கும் தெரியும்.