பின்பக்கமாக வந்த படகு

தையல் டீச்சர் வீட்டுக் கூடத்தில் ஃபேன் சுற்றி இரண்டு மாதம் ஆகிறது. இத்தனைக்கும் அவள் கணவர் ஊருக்கே ஃபேன் ரிப்பேர் செய்கிறவர். முப்பது வருஷமாக மோட்டார் காயில் கட்டிக் கட்டி, சொந்தப் பெயரே தேய்ந்துபோய், தபால்காரர்கூட "ஃபேன்காரரே" என்றுதான் கூப்பிடுவார். யார் வீட்டு ஃபேன் நின்றாலும் ஓட வைக்கிற அந்தப் புண்ணியவான் வீட்டில் கொக்கி மட்டும் தொங்கியது. படகு விசிறிக்கு இறக்கையின் வளைவைப் பார்க்கணும் என்று கழற்றியவர், திரும்ப மாட்டவே இல்லை.

"காத்து வேணும்னா சொல்லு, ஜன்னலைத் திறந்துவிடறேன்," என்பார் பெருந்தன்மையாக.

படகு எதற்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன். டீச்சர் வேலை பார்க்கிற பள்ளிக்கூடம் ஆற்றுக்கு அந்தப் பக்கம். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். தண்ணீரும் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, நடுவில் தொடையளவு. பதினைந்து வருஷமாக அவள் சேலையைத் தூக்கிச் செருகி, செருப்பைக் கையில் பிடித்து, கூழாங்கல்லில் கால் வைத்துக் கால் வைத்து நடந்தே போனாள். இந்த வருஷம் முட்டி வீங்கியது. "கல்லும் கூடாது, குளிர்ந்த தண்ணியும் கூடாது," என்றார் டாக்டர். பாலம் சுற்றிப் போனால் இரண்டு பஸ். எப்படி ஓடினாலும் பள்ளிக்கூடம் சேர ஒன்பதே முக்கால். பள்ளிக்கூட மணியோ ஒன்பதுக்கு அடிக்கும்.

பெரிய டீச்சர், அதாவது தலைமையாசிரியை, இரண்டு மாதத்துக்கு மேல் பொறுத்துப் பார்த்தார். போன வெள்ளிக்கிழமை கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் யாருக்கோ வேலை போகிறது என்று அர்த்தம்.

"திங்கட்கிழமை மணி அடிக்கும்போது நீங்க உள்ளே இருக்கணும். இல்லேன்னா நான் வேற ஆளைப் பார்த்துக்கிறேன். வருத்தப்படாதீங்க."

டீச்சருக்கு அந்த வேலையை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. ஃபேன்காரரின் வருமானம் வெயிலை நம்பியது. மழை பெய்தால் அவரைத் தேடி நாய்கூட வராது.

படகு வேலை அதற்கு இரண்டு மாதம் முன்பே, அவள் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் தொடங்கியது. "எதுக்கு ரெண்டு பஸ் ஏறணும்? நானே ஒரு மோட்டார் படகு கட்டித் தர்றேன்," என்று ஃபேன்காரர் வாயை விட்டார். வாயை விட்டது அவள் தம்பி எதிரில். தம்பி வெல்டர், வாயை விட்டவர்களை விடுகிற ரகம் இல்லை.

"மாமா, இந்த ஆத்துல மோட்டார் படகா? விசிறி கல்லுல பட்டுப் பல்லு மாதிரி கழண்டுடும்."

"அது சாதாரணப் படகுக்கு மாப்ளே. இது நீள வால் படகு."

சும்மா சொல்லக் கூடாது, விஷயம் தெரிந்துதான் பேசினார். இன்ஜின் படகின் பின்புறம் மேலே உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து இரண்டு ஆள் நீளத்துக்கு ஒரு குழாய், குழாய்க்குள் சுழலும் இரும்புக் கம்பி, கம்பியின் நுனியில் விசிறி. மாட்டு வால் மாதிரி பின்னால் நீண்டு, தண்ணீரின் மேல்மட்டத்தை மட்டும் அளையும். கல் வந்தால் கைப்பிடியை அமுக்கி வாலைத் தூக்கிவிடலாம்.

பழைய தண்ணீர்ப் பம்பிலிருந்து பெட்ரோல் இன்ஜின் வந்தது. வாலை இடமும் வலமும் திருப்ப, ஒரு சைக்கிளின் கழுத்து வந்தது. பிளைவுட் வந்து கூடத்தையே அடைத்துக்கொண்டது. டீச்சர் இரவு உணவைப் படகுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டாள், வேறு இடமில்லை. முன்முனைக்கு ஓர் அளவு அட்டை, பின்முனைக்கு ஓர் அட்டை என்று வெட்டச் சோம்பல்பட்டு, ஒரே அட்டையை வைத்து இரண்டு முனையையும் வெட்டினார் ஃபேன்காரர். அதனால் படகு இரண்டு பக்கமும் மேல்நோக்கி வளைந்து, எது தலை எது வால் என்று தெரியாமல் கிடந்தது.

விசிறியைக் கம்பி நுனியில் பற்றவைக்கிற அன்று தம்பி கேட்டான்.

"மாமா, இன்ஜின் எந்தப் பக்கம் சுத்தும்? அதைப் பார்த்துத்தானே பிளேடைச் சாய்க்கணும்?"

"எந்தப் பக்கம் சுத்தினா என்னடா? சுத்து மாறினா ஒயரை மாத்திப் போட்டா போச்சு. முப்பது வருஷமா இதைத்தானே பண்றேன்."

முப்பது வருஷ அனுபவம் பேசும்போது யார் குறுக்கே பேசுவது? தம்பி பற்றவைத்துவிட்டான். கொல்லையில் பெரிய தொட்டியில் வாலை விட்டு ஓட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் பீறிட்டு, இன்ஜின் பக்கம் நின்ற ஃபேன்காரரைத் தலையோடு கால் நனைத்தது. "என்ன வேகம் பார்த்தியா!" என்று அவர் குதித்தார். தண்ணீர் ஏன் தன் பக்கம் வந்தது என்று அந்த நேரத்தில் யோசிக்க அவருக்கு என்ன பைத்தியமா?

திங்கட்கிழமை வந்தது. எட்டேகாலுக்குப் படகை ஆற்றில் இறக்கினார்கள். டீச்சர் பையை மடியில் வைத்து நடுப்பலகையில் உட்கார்ந்தாள், முகம் பள்ளிக்கூடத்தைப் பார்க்க. ஃபேன்காரர் பின்னால் நின்று கயிற்றை இழுத்தார். இன்ஜின் ஊரையே எழுப்புகிற சத்தத்தோடு பிடித்துக்கொண்டது. படகு ஒரு உலுக்கு உலுக்கி, விறுவிறுவென்று பின்பக்கமாகவே வந்து, புறப்பட்ட கரையிலேயே ஏறி நின்றது.

"ஒயர், மாமா," என்றான் தம்பி கரையிலிருந்து. "ஒயரை மாத்திப் போடுங்க."

ஃபேன்காரர் இன்ஜினைப் பார்த்தார். பெட்ரோல் இன்ஜினில் மாற்றிப் போட ஏது ஒயர்? அது பிறந்ததிலிருந்து ஒரே பக்கம்தான் சுற்றும். அவர் முகத்தில் அசடு வழிந்தது.

"படகு சரியாத்தான் இருக்கு," என்றார் மெல்ல. "இன்ஜின்தான் தப்பாச் சுத்துது."

"பிளேடை அறுத்துத் திருப்பி வைக்க அரை நாள் ஆகும்க்கா," என்றான் தம்பி.

மணி எட்டு இருபத்தைந்து. டீச்சர் அழவில்லை. துணியை உள்பக்கம் வெளியே வைத்துத் தைத்துவிட்டுத் திருப்புகிறவள் அவள். எதையும் புரட்டிப் பார்க்கிற பழக்கம் கைக்குள் இருந்தது.

"பின்னாடிதான் போகும்னா பின்னாடியே போகட்டும். படகைத் திருப்பி நிறுத்துங்க."

"என்னம்மா சொல்றே?"

"வால் பள்ளிக்கூடத்துப் பக்கம் இருக்கட்டும். ரெண்டு முனையும் ஒரே மாதிரிதானே வெட்டியிருக்கீங்க? தண்ணிக்கு என்ன தெரியப்போகுது?"

அப்படித்தான் கிளம்பினார்கள். வால் முன்னே தண்ணீரை அளைந்துகொண்டு இழுக்க, படகு முதுகு காட்டியபடி ஆற்றைக் கடந்தது. டீச்சர் பார்த்ததெல்லாம் தன் வீட்டுக் கரையும், அங்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த தம்பியும்தான்.

நடு ஆற்றுக்குச் சற்று அப்பால் தண்ணீர்க்கொடி விசிறியில் சுற்றிக்கொண்டது. ஃபேன்காரர் இன்ஜினை அணைத்தார். படகு கூழாங்கல்லில் தட்டி நின்றது. திடீரென்று அமைதி. அந்த அமைதியில் பள்ளிக்கூடத்துப் பின்வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது.

"டீச்சர்! தையல் டீச்சர்! எங்கே போறீங்க?"

பெரிய டீச்சர். திரும்பிப் பார்க்கப் போனவளை ஃபேன்காரர் அதட்டினார். "அசையாதே, சாஞ்சிடும்!" அவள் விறைப்பாக, முதுகு காட்டியபடியே இருந்தாள்.

"வெள்ளிக்கிழமை ஏதோ கோவத்துல சொல்லிட்டேன். அதுக்காக வாசல்வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போறதா?"

டீச்சருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு தன் முகம் எந்தக் கரையைப் பார்க்கிறது என்று யோசித்தாள். விளங்கிவிட்டது.

"அம்மா, நாங்க வந்துகிட்டுத்தான்..." என்று ஃபேன்காரர் ஆரம்பித்தார்.

"நீங்க பேசாம கொடியைப் பிடுங்குங்க," என்றாள் அவள், பல்லுக்குள். "அவசரமில்லாம."

"உங்களை விட்டா அந்தப் பிள்ளைங்களுக்கு யாரு இருக்கா? எனக்குத்தான் யாரு இருக்கா?"

பதினைந்து வருஷத்தில் ஒரு நல்ல வார்த்தை கேட்டறியாத காது அது. டீச்சருக்குக் கண் நிறைந்தது.

"பத்து மணிக்குக் கல்வி ஆபீஸ்லேர்ந்து தையலைப் பார்க்க ஆளுங்க வர்றாங்க. போறதுன்னா பீரோ சாவியையாவது வீசிட்டுப் போங்க!"

நிறைந்த கண்ணீர் நிறைந்த இடத்திலேயே நின்றுவிட்டது. பிள்ளைகள் தைத்த நாற்பது கவுன் அந்தப் பீரோவில் இருந்தது. சாவி அவள் பையில். டீச்சர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, எதிரே தன் வீட்டுக் கரையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்:

"நான் முட்டி வலிக்காரிம்மா. ஒன்பது மணிக்கு ஓடி வர என்னால முடியாது!"

"பத்து மணிக்கு வாங்க! யார் கேக்கப்போறாங்க?"

"நீங்கதாம்மா கேப்பீங்க!"

"கேக்கலை! எழுதியே தர்றேன், போதுமா?"

"கொடி வந்துடுச்சு," என்றார் ஃபேன்காரர்.

"அப்போ இழுங்க கயித்தை."

படகு பின்பக்கமாகவே போய்ப் பள்ளிக்கூடத்துப் படியில் இடித்து நின்றது. பெரிய டீச்சர் சேலை நனைய இறங்கி வந்து, அவள் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். "நல்லவேளை, மனசு மாறித் திரும்பிட்டீங்க," என்றார். அவர்கள் பின்வாசலைத் தாண்டியபோதுதான் ஒன்பது மணி அடித்தது.

அன்று சாயங்காலம் ஃபேன்காரர் கூடத்தில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடிதத்தை அவள் காட்டியிருந்தாள். பத்து மணி என்று தெளிவாக எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டிருந்தது.

"பிளேடை நாளைக்கே திருப்பி வெச்சுடறேன்னான் உன் தம்பி," என்றார். கொஞ்சம் கழித்து, "ஆனா பத்து மணின்னா பஸ்ஸே போதுமே. அப்புறம் படகு எதுக்கு?" என்றார்.

டீச்சர் அவரைப் பார்த்தாள். விரல்களில் வெல்டிங் சுட்ட புள்ளிகள். நகக்கண்ணில் இரண்டு மாதத்துக் கிரீஸ்.

"பஸ்ல போனா என்னை யார் கெஞ்சுவாங்க?" என்றாள். "காலையில ஒன்பதரைக்குத் தயாரா இருங்க. பிளேடுல மட்டும் கை வெச்சீங்கன்னா தெரியும் சேதி. முன்னாடி பார்த்து வந்தா நான் வர்றேன்னு அந்தம்மாவுக்குத் தெரிஞ்சுபோயிடும்."

ஃபேன்காரருக்கு எங்கிருந்துதான் உயிர் வந்ததோ!

"இப்போ முதல்ல அந்த ஃபேனை மாட்டுங்க," என்றாள்.

ஸ்டூலைப் போட்டு ஏறினார். பத்தே நிமிஷம். சுவிட்சைத் தட்டினார். ஃபேன் சுழன்றது. தரையில் ஒரு துளி காற்று இல்லை. கூரையிலிருந்த ஒட்டடைதான் ஆடியது. டீச்சர் தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

"மேல போகுதுங்க காத்து."

ஃபேன்காரர் முகம் மலர்ந்தது. சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார்.

"இதுல ஒயர் இருக்கும்மா," என்றார்.