ஆடாத கேப்டன்

"மொதல்ல அந்த ரிப்பன அவுருங்க."

மாலையைத் தூக்கிக்கொண்டு வந்த கம்பெனிக்காரர்கள் ஆறு பேரும் பந்தல் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். ஆள் உயர ரோஜா மாலை. குறுக்கே வெள்ளை ரிப்பன், அதில் தங்க எழுத்தில் 'தென்பெண்ணை லெவன்'. சொன்னால் கேட்கிற நிலையில் அவர்கள் இல்லை என்று தெரிந்ததும் பொற்கொடி ஐஸ் பெட்டியின் தலைமாட்டிலிருந்து எழுந்து வந்து தானே ரிப்பனைப் பிடித்து இழுத்தாள். குண்டூசி விரலில் ஏறியது. அதையும் பொருட்படுத்தாமல் இழுத்துச் சுருட்டிச் சாக்கடையில் போட்டாள்.

"இப்ப போடுங்க."

அவர்கள் சத்தம் போடாமல் மாலையைப் பெட்டியின் மேல் வைத்தார்கள். உள்ளே அவள் புருஷன் ரத்தினவேல் தாடைக்கட்டோடு, சொல்பேச்சு கேட்காத பிள்ளையைப் போலப் படுத்திருந்தான். நேற்றுக் காலையில் நெஞ்சு அடைக்கிறது என்றான். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவள் சொன்னாள். கேஸ்தான் என்று ஒரு சோடாவைக் குடித்துவிட்டுக் கம்பெனி பஸ் ஏறினான். மதியம் போன் வந்தது. முப்பத்தொன்பது வயது. கேஸாம்.

தென்பெண்ணை லெவன் என்று ஓசூரில் எந்த அணியும் கிடையாது. இங்கிலாந்தில் வாராவாரம் பந்து உதைக்கிறவர்களிலிருந்து பதினோரு பேரைப் பொறுக்கி, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் பிரவுசிங் சென்டரில் கம்ப்யூட்டரில் பதிந்து வைக்க வேண்டும். அங்கே அவர்களில் ஒருவன் கோல் போட்டால் இங்கே இவர்களுக்குப் பாயின்ட். கேப்டன் என்று ஒருவனைக் குறித்துவிட்டால் அவனுடைய பாயின்ட் இரட்டிப்பு. அவன் ஆடாவிட்டால் சைபர். அங்கே அவன் கால் இடறினால் இங்கே இவர்களுக்குச் சோறு இறங்காது. அந்த வெள்ளைக்காரனுக்கு ஓசூர் என்று ஒரு ஊர் இருப்பதே தெரியாது என்பதைப் பொற்கொடி பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டாள். கம்பெனியில் பன்னிரண்டு பேர் இப்படிப் பன்னிரண்டு அணி வைத்திருந்தார்கள். ஆளுக்கொன்று. தென்பெண்ணை லெவனுக்கு மட்டும் இரண்டு முதலாளிகள். ரத்தினவேலும், அவள் தம்பி ஜெகதீஷும்.

அந்தத் தம்பி இன்னும் வந்து சேரவில்லை. நாகரசம்பட்டியிலிருந்து கோடிச் சேலையோடு கிளம்பிவிட்டதாகப் பெரியம்மா சரோஜம்மாள் காதருகே வந்து சொன்னாள்.

"வந்தா அப்டியே திரும்பிப் போவச் சொல்லு பெரிம்மா. அவன் கையால எனக்குக் கோடி வேணாம்."

"வாய மூடுடி. பொறந்த வூட்டுக் கோடி உழாம பொணத்த எடுக்கலாமா? கூடப் பொறந்தவன் போடாம வேற எவன் போடுவான்?"

"எவனும் போட வேணாம்."

சரோஜம்மாள் தலையில் அடித்துக்கொண்டு போனாள். பொற்கொடி அழவில்லை. நேற்றிலிருந்து அழுகைக்குப் பதிலாக ஆத்திரம்தான் வந்துகொண்டிருந்தது. சோடா விற்ற கடைக்காரன் மேல், கம்பெனி வண்டி டிரைவர் மேல், பெட்டிக்குள் படுத்திருப்பவன் மேல். எல்லாருக்கும் மேலாக ஜெகதீஷ் மேல்.

பந்தலின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் கம்பெனிக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சாவு வீட்டில் பேச்சு முதலில் தணிந்துதான் தொடங்கும். பிறகு யாராவது ஒருவன் பழைய கதையை எடுப்பான்.

"மொத வருசம் நெனப்பிருக்கா? கோலியா நிக்கறவன வேற நாட்டுக்கு வித்துட்டானுங்க. அது தெரியாம மூணு வாரம் பத்து பேரோட ஆடினாரு."

"அதுக்கப்புறம் ஜெயிச்சாரே, அதச் சொல்லு. கடைசி நாளு டிரான்ஸ்பார்மரு வெடிச்சு ஊரே இருட்டு. பிரவுசிங் சென்டரு மூடிட்டான். மச்சான பைக்ல உக்கார வெச்சுக்கினு அத்திப்பள்ளிக்குப் போனாரு பாரு! கர்நாடகாவுல கரன்ட் இருந்துச்சு. அங்க போயி டீம மாத்திட்டு வந்து ஜெயிச்சாங்க."

யாரோ சிரித்துவிட்டு, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

அந்த வெற்றிக்குக் கொடுத்த பரிசு ஐந்து லிட்டர் குக்கர். இரண்டு பேரும் அதைக் கோப்பையைப் போலத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு இதே தெருவில் வந்தார்கள். அன்றைக்கு அவளுக்கும் சிரிப்பு வந்தது. மாமனும் மச்சானும் இவ்வளவு ஒட்டுதலாக இருப்பதை அவள் வேறெந்த வீட்டிலும் பார்த்ததில்லை. ரத்தினவேல் சாத்தூர்ப் பக்கம். பேச்சு வேறு, சாப்பாடு வேறு. இந்த ஊரில் அவனுக்கு ஒட்டிக்கொள்ள ஒரு ஆள் வேண்டியிருந்தது. ஜெகதீஷ் கிடைத்தான்.

இரண்டாயிரத்து ஏழு மே மாதம் எல்லாம் போயிற்று. அந்த சீசனின் கடைசி ஆட்டத்துக்கு நெட்டையனைத்தான் கேப்டனாகப் போட வேண்டும் என்று ஜெகதீஷ் சொல்லியிருந்தான். நெட்டையன் என்பது இவர்கள் வைத்த பெயர். வாயில் நுழையாத பெயருள்ள ஒரு வெள்ளைக்காரன். ஜெகதீஷ் கிருஷ்ணகிரியிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும்போது ரத்தினவேல் மனசு மாறி, கேட்காமல், வேறொருவனைக் கேப்டனாக்கினான். நெட்டையன் மூன்று கோல் போட்டான். தென்பெண்ணை லெவன் நான்கு பாயின்ட்டில் தோற்றது. பிரவுசிங் சென்டரில் பத்துப் பேர் பார்க்க ஜெகதீஷ் சொன்னான்: "பொழைக்க வந்த நாயிக்கு எதுக்குய்யா கேப்டன் போடற வேல?"

ரத்தினவேல் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லவில்லை. ஊரே சொன்னது.

அதற்குப் பிறகு ஜெகதீஷ் இந்த வாசலை மிதிக்கவில்லை. மகள் காவேரிக்குக் காது குத்த ஆவணியில் நாள் பார்த்தார்கள். புருஷனும் பெண்டாட்டியுமாக நாகரசம்பட்டிக்குப் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார்கள். வாங்கிக்கொண்டான். வரவில்லை. மலைக்கோயிலில் ஆசாரி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, தாய்மாமன் எங்கே என்று மூன்று தடவை கேட்டார். கடைசியில் ஒன்றுவிட்ட மாமன் ஒருவன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துக் குத்தினார்கள். வந்திருந்த சாத்தூர்ச் சனம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதைப் பொற்கொடி மறக்கவே இல்லை.

வெங்கடப்பன் நாற்காலியிலிருந்து எழுந்து அவளிடம் வந்தான். கம்பெனியில் இந்த ஆட்டத்தை நடத்துகிறவன் அவன்தான். ஓசூர்க்காரன். வீட்டில் கன்னடம், கம்பெனியில் தமிழ்.

"ரிப்பன் தப்புதான் சிஸ்டர். அவருக்குப் புடிக்குமேன்னு செஞ்சோம்."

"அவருக்குப் புடிக்கும். ஒன்ற வருசமா கடைசி எடத்துல இருந்தாரே, அதும் புடிச்சுதா? ஏந்தான் போறீங்கன்னு கேட்டா, சும்மான்னுவாரு."

வெங்கடப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"உங்ககிட்ட சொல்லலையா?"

"என்னத்த?"

"சண்டைக்கு அப்புறம் எல்லா வாரமும் நெட்டையனத்தான் கேப்டனா போட்டாரு. மச்சான் சொன்ன ஆளு. அந்தாளு போன வருசமே காலு ஒடஞ்சு படுத்துட்டான் சிஸ்டர். ஆடறதே இல்ல. ஆடாத ஆளுக்கு சைபர். மாத்துய்யா, மாத்துய்யான்னு நாங்க கத்துவோம். 'ஜெகதீஷ் இதப் பாப்பான், இருக்கட்டும்'னு சொல்லுவாரு. எல்லார் டீமும் எல்லாருக்கும் தெரியுமே, கம்ப்யூட்டர்ல பேர அடிச்சா வந்துரும்."

சனிக்கிழமைதோறும் சட்டையை மாற்றிக்கொண்டு அவன் கிளம்புவது பொற்கொடியின் கண்ணுக்குள் வந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் போயிருக்கிறான். அதுவும் யாரிடம்? நாய் என்று சொன்னவனிடம். ஒரு வார்த்தை அவளிடம் சொல்லியிருந்தால் நாகரசம்பட்டிக்கே போய்த் தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்து வந்திருப்பாள். அவனுக்கு அந்தத் துப்பு கிடையாது. கம்ப்யூட்டரில் கால் ஒடிந்த வெள்ளைக்காரனைத் தூது விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

தெருமுனையில் தப்பு மேளத்தின் அடி மாறியது. பெண்கள் குரலெடுத்து அழ ஆரம்பித்தார்கள். ஜெகதீஷ் தட்டில் கோடிச் சேலையும் பூவுமாக வந்துகொண்டிருந்தான். குள்ளமான ஆள். அழுது முகம் வீங்கியிருந்தது. பந்தலுக்குள் நுழைந்ததும் "அக்கா" என்று ஓடிவந்தான்.

"அங்கியே நில்லு."

அழுதுகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

"பாத்தியா?" என்றாள் பொற்கொடி.

"என்னாக்கா?"

"அவுரு டீம கம்ப்யூட்டர்ல பாத்தியா, இல்லையா?"

ஜெகதீஷ் வெங்கடப்பனைப் பார்த்தான். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"பாத்தேன்."

"எப்பலேர்ந்து?"

"எல்லா வாரமும் பாத்தேங்கா."

பார்க்கவே இல்லை என்று சொல்லியிருந்தால் அவள் ஒருவேளை நம்பியிருப்பாள். நம்ப வேண்டும் என்றுகூட உள்ளே எங்கோ ஆசைப்பட்டாள்.

"நெட்டையன் ஆடலைன்னு தெரியுமா?"

"தெரியும்."

"உனக்காவத்தான் போடறாருன்னு தெரியுமா?"

அவன் வாய் கோணியது. "தெரியும். அவரா வந்து ஒரு வார்த்த சொல்லட்டும்னு... இன்னும் ஒரு வாரம் போவட்டும், ஒரு வாரம் போவட்டும்னு இருந்துட்டேன்."

ரத்தினவேலின் அண்ணன் பரமசிவம் சாத்தூரிலிருந்து விடிகாலையில் வந்து சேர்ந்தவர். ஒன்றும் புரியாமல் நடுவில் வந்தார்.

"என்ன தாயி இது? எந்தக் கேப்டனு? மிலிட்டரிக்காரனா?"

"இல்ல மாமா. சீமையில பந்தாடறவன். நம்மள அவனுக்குத் தெரியாது. அவனக் கேப்டனா போடலைன்னு என் தம்பிக்குக் கோவம். அதுக்குத்தான் உங்க தம்பிய நாயின்னு சொன்னான். அதுக்குத்தான் காவேரி காதுகுத்துக்கு வரல. நீங்கல்லாம் கேட்டீங்களே, தாய்மாமன் ஏன் வரலைன்னு. நாலு பாயின்ட்டு, மாமா. நாலு பாயின்ட்டு."

சாத்தூர்ச் சனத்தில் யாரோ ஒரு கிழவர் பக்கத்திலிருந்தவரிடம் பாயின்ட் என்றால் என்ன என்று கேட்டார். ஜெகதீஷ் தட்டைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏற்றப்பட்டவனைப் போல நின்றான்.

"நாயின்னு சொன்னவன் நீ. மன்னிப்பு கேட்டவரு அவுரு. வாராவாரம் கேட்டாரு. நீ உக்காந்து வேடிக்க பாத்த."

"அக்கா, செருப்பால அடி. கோடி மட்டும் வேணாம்னு சொல்லாத."

"பொழுது போவுது" என்றாள் சரோஜம்மாள், யாரையும் பார்க்காமல். பெட்டியைத் திறந்து உடலைப் பாடையில் கிடத்திவிட்டார்கள். ஆட்கள் காத்திருந்தார்கள். பொற்கொடி பரமசிவத்தைப் பார்த்தாள். அவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். ஒருவரும் அவளை வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும், ஒரே வார்த்தையில் மறுத்திருப்பாள்.

"எங்கிட்ட அப்பறம் வா. மொதல்ல அவருகிட்ட போ."

ஜெகதீஷ் விழித்தான்.

"போயி சொல்லு. பாத்தேன்னு சொல்லு. ஒன்ற வருசமா அத ஒண்ணத்தான் எதிர்பாத்தாரு."

அவன் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பாடையருகே முழங்காலிட்டான். தனக்கே கேட்காத குரலில் கூப்பிட்டான்.

"மாமா."

பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த காவேரி எழுந்து நின்று பார்த்தாள்.

"கேக்கல" என்றாள் பொற்கொடி.

"பாத்தேன் மாமா. எல்லா வாரமும் பாத்தேன் மாமா." அதற்குமேல் வார்த்தை இல்லாமல் அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வெங்கடப்பன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

பொற்கொடிக்கு மனசு இளகவில்லை. இளகும் என்று எல்லாரும் எதிர்பார்த்ததே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் தலையைக் குனிந்து நின்றாள். ஜெகதீஷ் எழுந்து வந்து கோடிச் சேலையைப் பிரித்து அவள் தோளில் போர்த்தினான். சரோஜம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். அதற்குள்ளே, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, பொற்கொடி சொன்னாள்:

"அவுரு உன்ன எப்பவோ மன்னிச்சு உட்டுட்டாரு. நான் உடல."

அவன் தலையாட்டினான்.

ஆட்கள் பாடையின் நான்கு மூலைக்கும் வந்தார்கள். ஜெகதீஷ் ஓடிப்போய் முன்பக்கக் கட்டையைப் பிடித்தான்.

"முன்னால வேணாம். பின்னால போ."

அவன் மறு பேச்சில்லாமல் கால்மாட்டுக்குப் போனான். முன்னால் பரமசிவமும் வெங்கடப்பனும், பின்னால் ஜெகதீஷோடு கம்பெனிக்காரன் ஒருவன். மற்ற மூன்று பேரும் வாட்டசாட்டமான ஆட்கள். தூக்கியதும் ஜெகதீஷின் தோளுக்குக் கட்டை எட்டவில்லை. பாடை அந்த மூலையில் சரிந்தது. பெண்கள் பதறினார்கள். அவன் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்திக் கட்டையைத் தாங்கினான். சரிவு நின்றது.

பெண்களுக்கு வாசலோடு சரி. பொற்கொடி கேட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். உயர்த்திய கைகளோடு அவன் நடந்தான். கம்பெனி பஸ் நிற்கும் இடத்தைத் தாண்டும்போது கைகள் நடுங்குவது இங்கிருந்தே தெரிந்தது. பின்னாலிருந்து ஒருவன் வந்து மாற்றிக்கொள்ளத் தோளைக் கொடுத்தான். ஜெகதீஷ் விடவில்லை. வந்தவன் இரண்டாம் முறையும் கேட்டான் போலிருக்கிறது. தலையை மட்டும் ஆட்டிவிட்டு, கைகளை இறக்காமல், ஜெகதீஷ் தெருமுனையில் திரும்பினான்.