ப்ரேபன் இப்போது ரோலிக்

அன்று காலை ப்ரேபன் ரொட்டியைப் பிய்த்து முகர்ந்து பார்த்தான்.

"உங்க ஸ்வீடன்ல ரொட்டியிலயும் சர்க்கரை போடுவீங்களா? இது ரொட்டியா, கேக்கா?"

"பிடிக்கலன்னா பாலத்துக்கு அந்தப் பக்கமே இருந்திருக்கலாமே."

"அங்க என்னை யாரு இப்படித் திட்டுவா?"

மிச்சத்தை வாயில் திணித்துக்கொண்டு ரயிலுக்கு ஓடினான். எங்கள் வீடு ஸ்வீடனில், மால்மோவில். அவன் பியானோ பழுதுபார்க்கும் பட்டறை கடல் பாலத்தைத் தாண்டி டென்மார்க்கில், கோபன்ஹேகனில். பதினோரு வருடமாக இப்படித்தான் கிளம்பிப் போவான்.

என் கணவன் டென்மார்க்காரன், நான் ஸ்வீடன்காரி. என் மொழியும் அவன் மொழியும் பங்காளிகள் மாதிரி, முகச்சாயல் ஒன்று, குணம் வேறு. 'ரோலிக்' என்றொரு சொல் இரண்டிலும் உண்டு. எழுத்து மாறாது. எங்களுக்கு அது வேடிக்கை, அவர்களுக்கு அமைதி. முதல் தடவை அவன் வீட்டுக்குப் போனபோது கூச்சத்தில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அவன் அக்கா போடில் என்னைக் காட்டி, "குன்வோர் ரொம்ப ரோலிக்" என்றாள். நான் அப்படி என்ன வேடிக்கை செய்தேன் என்று திரும்பும் வழியில் அவனைக் கேட்டேன். சிரித்துச் சிரித்து அவனுக்கு இருமலே வந்துவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஸ்வீடன் அர்த்தம் மட்டும்தான். எதையாவது கிண்டல் செய்துவிட்டு, "நான் ரோலிக்தானே?" என்பான்.

பத்தரை மணிக்குப் போடில் போனில் கூப்பிட்டாள். பட்டறையில் மயங்கி விழுந்திருக்கிறான். மருத்துவமனையில் இதயம் என்கிறார்கள்.

"முழிச்சிட்டான். ஆனா படுக்க மாட்டேங்கறான். எந்திரிச்சு எந்திரிச்சு உன்னையே கேக்கறான். கெளம்பு."

பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பில் வேலை எனக்கு. சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினேன். நடைமேடையில் நிற்க முடியவில்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தேன், திரும்பி நடந்தேன். ரயில் உள்ளே வரும்போது செல்போனில் போடிலின் செய்தி வந்தது.

'ப்ரேபன் இப்போது ரோலிக். வா.'

பேசியிருந்தால், பாதி எழுத்தைத் தொண்டைக்குள்ளேயே விழுங்கும் போடிலின் உச்சரிப்பு என்னை ஒரு நொடி யோசிக்க வைத்திருக்கும். வந்தது எழுத்து மட்டும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நர்ஸைக் கிண்டல் செய்ய ஆரம்பித்துவிட்டான் என்று நினைத்தேன். நாலு நாளாவது படுக்க வைப்பார்கள், மூக்குக்கண்ணாடி கேட்பான், வீட்டுச் செருப்பு கேட்பான். ரயில் கதவு என் முன்னால் திறந்து மூடியது. அதையெல்லாம் எடுக்க நான் வீட்டுக்குப் போனேன்.

இரண்டு ரயில் கழித்துத்தான் ஏறினேன்.

போடில் வார்டுக்கு வெளியே நின்றிருந்தாள்.

"அவன் போய்ப் பத்து நிமிஷம் ஆச்சு, குன்வோர்."

கண்ணாடியும் செருப்பும் இருந்த பையைக் கீழே வைத்தேன்.

"ஊசி போட்டதும் படுத்துட்டான். அமைதியாயிட்டான்னு உனக்கு எழுதினேனே. கதவையே பாத்துட்டிருந்தான். ஏன் இவ்வளவு நேரம்?"

அப்போதுதான் அந்தச் சொல் எனக்குள் புரண்டு படுத்தது. அவள் கையில் இன்னும் அந்தச் செல்போன் இருந்தது.

"ரயில் லேட்டு" என்றேன்.

ஆறு வருடம் ஓடிவிட்டது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் போடில் ரயில்காரர்களை ஒரு பாட்டம் திட்டாமல் சாப்பிட உட்காருவதில்லை. நான்தான் உட்கார முடியாமல் எழுந்து, கழுவிய தட்டையே மறுபடி கழுவுவேன். இரண்டு தடவை சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அந்த ஒரு சொல்லை அவள் காலத்துக்கும் சுமப்பாள். தம்பிக்காக அவள் எழுதிய சொல், அவள் மொழியில் பிழையே இல்லாத சொல்.

போன மாதம் சொன்னாள்:

"அன்னிக்கு ரயில் ஏன் லேட்டுன்னு எழுதிக் கேக்கப் போறேன். அவங்ககிட்ட பதிவு இருக்கும்ல?"

"விட்டுடு, போடில்."

"நீ வேணா விடு. எனக்குத் தெரிஞ்சாகணும்."

அன்று எந்த ரயிலும் தாமதமில்லை. இருபது நிமிடத்துக்கு ஒன்று வந்தது. இன்றும் அப்படித்தான் வருகிறது.