ஏழு பேர் குறைந்த வகுப்பு

2002 மே மாதம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தபோது அந்த அரசு உயர்நிலைப்பள்ளி வாங்கியது நாற்பத்தாறு சதவீதம். மதுரையில் நடந்த தலைமையாசிரியர் கூட்டத்தில், ஐம்பதுக்குக் கீழே போனவர்களை எழுந்து நிற்கச் சொன்னார்கள். அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் நல்லகாமன் சார் முக்கால் மணி நேரம் நின்றார். பள்ளி இருந்த ஊர்க்காரர், அந்த ஊரிலேயே முதல் பட்டதாரி. அடுத்த வருஷம் எழுபத்தைந்து சதவீதம் காட்டுவேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, கணக்கு டீச்சர் ஹம்சவேணிக்கு ஒரு மெமோ கொடுத்தார். தவறியவர்களில் முக்கால்வாசிப் பேர் கணக்கில்தான் போயிருந்தார்கள்.

ஹம்சவேணி மதுரை சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண். விளாங்குடியில் வீடு. தினமும் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி, ஒன்றேகால் மணி நேரம் மேற்கே வர வேண்டும். மெமோவை வீட்டில் காட்டவில்லை. ஜூன் மாதத்திலிருந்து சாயங்காலமும் இருந்து பாடம் நடத்தினாள். அந்த வருஷம் பத்தாவதுக்கு அவள்தான் வகுப்பாசிரியை.

நவம்பர் கடைசியில், பரீட்சை எழுதுகிறவர்களின் பெயர்ப் பட்டியலை அனுப்ப வேண்டிய நேரத்தில், நல்லகாமன் சார் அவளைக் கூப்பிட்டு ஒரு சீட்டைக் கொடுத்தார். ஏழு பெயர்கள் இருந்தன.

"நாப்பத்தஞ்சு பேர்ல இந்த ஏழு பேரும் எழுதினா நாம எழுபதத் தாண்டமாட்டோம் டீச்சர். அட்டென்டன்ஸ் பத்தலைன்னு நிறுத்திருவோம்."

"ஆறு பேருக்கு அட்டென்டன்ஸ் இருக்கே சார்?"

"அதுக்குத்தான் இது." மேஜைக்கு அடியிலிருந்து புது ரெஜிஸ்டர் ஒன்றை எடுத்து வைத்தார்.

அவள் பெயர்களைப் படித்தாள். போன மாதம்தான் இவர்களுடைய விவரத்தைப் புள்ளிவிவரப் படிவத்தில் எழுதியிருந்தாள். நாலு பேர் காலனி. மூன்று பேர் சாரின் சொந்தச் சாதி, காணி நிலம் இல்லாதவர்கள். பெற்றோர் படிப்பு என்ற கட்டத்தில் ஏழு பேருக்கும் 'இல்லை' என்றுதான் எழுதியிருந்தாள். இவர்களைவிடக் குறைவாக மார்க் வாங்கிய ரெண்டு பேர் அந்தச் சீட்டில் இல்லை. ஒருவனுடைய அப்பா கவுன்சிலர், இன்னொருவனுடைய மாமா போலீஸ்.

"கேள்வி கேக்க ஆள் வராத வீடாப் பாத்துத்தான் போட்டிருக்கேன்" என்றார் நல்லகாமன் சார். குரலில் கர்வம் இல்லை, களைப்புதான் இருந்தது.

"சுபலட்சுமி தேறிருவா சார். ஜூன்ல கணக்குல பன்னெண்டு எடுத்தவ, இப்ப இருபத்தொன்பது."

"தேறலைன்னா மெமோ ஒங்களுக்குத்தான டீச்சர் வரும்?"

சனியும் ஞாயிறும் அவள் வீட்டில் உட்கார்ந்து ஆறு மாத வருகையைப் புதிதாக எழுதினாள். ஒரே பேனாவில் எழுதினால் தெரிந்துவிடும் என்று நாலு பேனாக்களை மாற்றி மாற்றி எழுதினாள். சுபலட்சுமிக்கு மட்டும் முப்பத்திரண்டு நாள் ஆப்சென்ட் போட வேண்டியிருந்தது.

கேள்வி கேட்க ஆள் வந்தது. சுபலட்சுமியின் அம்மா சின்னத்தாய், மகளைக் கூட்டிக்கொண்டு புதன்கிழமை காலையில் வந்து நின்றாள். மல்லிகைத் தோட்டத்திலிருந்து நேரே வந்திருந்தார்கள். பள்ளிக்கூடம் வருவதற்கு முன் ரெண்டு பேரும் தினமும் பூ எடுக்கப் போவார்கள்.

"இவ வராம இருந்ததே கெடையாது டீச்சர். காச்சலோடகூட அனுப்பிருக்கேன்."

ஹம்சவேணி ரெஜிஸ்டரைத் திறந்து காட்டினாள். சின்னத்தாய்க்குப் படிக்கத் தெரியாது. சுபலட்சுமி குனிந்து பார்த்தாள்.

"ஆகஸ்ட் பன்னெண்டு ஆப்சென்ட்னு இருக்கு டீச்சர். அன்னைக்கி நீங்க என்னையத்தான போர்டுல கணக்குப் போடச் சொன்னீங்க? சரியாப் போட்டேன்னு எல்லாரையும் கைதட்டச் சொன்னீங்களே."

ஹம்சவேணிக்கு அது நன்றாக நினைவிருந்தது.

"ரெஜிஸ்டர்ல இருக்கறதுதான்மா கணக்கு" என்றாள்.

சின்னத்தாய் கும்பிட்டாள். "புள்ள தெரியாமப் பேசிருச்சு, மனசுல வச்சுக்கிறாதீக டீச்சர். வாரேன்."

பொங்கல் கழிந்ததும் திண்டுக்கல் பக்கத்து நூல் மில்லுக்கு ஆள் பிடிக்க ஏஜென்ட் வந்தான். மூன்று வருஷம் உள்ளேயே தங்கி வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்றான். பள்ளிக்கூடமும் இல்லாமல் வீட்டில் இருந்த சுபலட்சுமியை அப்பா காளை அனுப்பிவைத்தார்.

மே மாத ரிசல்ட்டில் முப்பத்தெட்டு பேரில் முப்பத்தொரு பேர் தேறினார்கள். எண்பத்திரண்டு சதவீதம். நல்லகாமன் சாருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஹம்சவேணிக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.

ஜூலையில் தனித்தேர்வு விண்ணப்பம் ஒன்றை வாங்கிக்கொண்டு ஹம்சவேணி சின்னத்தாயின் வீட்டுக்குப் போனாள். நடந்ததைச் சொல்ல வேண்டும் என்றுதான் போனாள், ஆனால் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சின்னத்தாயுடன் மில்லுக்குப் போய், வாசல் அறையில் ரெண்டு மணி நேரம் காத்திருந்தாள். சுபலட்சுமி வந்தாள். இளைத்திருந்தாள். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருந்தது. பேச்சுக்கு நடுவே இருமினாள். தண்ணீர் வாங்கப் போன சின்னத்தாய் திரும்புவதற்குள் ஹம்சவேணி சொன்னாள்.

"நீ வந்திருந்தே சுபா. நான்தான் மாத்தி எழுதினேன்."

"தெரியும் டீச்சர். நான்தான வந்தேன்" என்றாள் சுபலட்சுமி.

விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "பரீச்சைக்கெல்லாம் வெளிய விடமாட்டாங்க டீச்சர். நடுவுல போனா அந்தப் பணமும் கெடையாது." கொஞ்சம் கழித்துக் கேட்டாள்: "நம்ம ஸ்கூல் எம்புட்டு டீச்சர்?"

"எண்பத்திரண்டு."

"பரவால்லையே" என்றாள். அவள் குத்திக்காட்டவில்லை, மனசாரத்தான் சொன்னாள். அதற்குள் மணி அடித்துவிட்டது.

அந்த வருஷம் நவம்பரில் நல்லகாமன் சார் கொடுத்த சீட்டில் ஒன்பது பெயர்கள் இருந்தன. ஹம்சவேணி முடியாது என்றாள். மறுநாளே பத்தாம் வகுப்பு வேறொரு டீச்சருக்குப் போனது. அவள் முந்தின வருஷம் நடந்ததையெல்லாம், தான் எழுதியதையும் சேர்த்து, நாலு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு மேலிடத்துக்கு அனுப்பினாள். விசாரணைக்கு ஆள் வந்தபோது பரீட்சை முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. ஒன்பது பேரும் எழுதவில்லை.

"நான் சொன்னேன்னு எங்கயாச்சும் எழுதியிருக்கா?" என்று நல்லகாமன் சார் அதிகாரியிடம் கேட்டார். எங்கேயும் இல்லை. முந்தின வருஷ ரெஜிஸ்டர் முழுக்க ஹம்சவேணியின் கையெழுத்துதான்.

மூன்று மாத சஸ்பென்ஷனுக்குப் பிறகு அவளை மாவட்டத்தின் மறுகோடியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போட்டார்கள். சுபலட்சுமிக்கு மில்லில் மூன்று வருஷம் முடிய ஐந்து மாதம் இருக்கும்போதே இருமல் முற்றி, வேலைக்கு ஆகாது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பணம் தரவில்லை. அந்த ஒன்பது பேர் எழுதாத வருஷம் பழைய பள்ளிக்கூடம் தொண்ணூற்றொரு சதவீதம் வாங்கியது.