திருப்பி வைத்த படிகம்

தஸ்மியாவின் ஆய்வுக் கட்டுரை அச்சாகி நான்கு நாளாயிற்று. ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் வாழ்த்தினார்கள். அவளுக்குத்தான் யார் முகத்தையும் பார்க்கத் தெம்பில்லை.

படிகத்துக்குள் எலெக்ட்ரான் அணுவைச் சுற்றுகிற விதமும் அதன் தற்சுழற்சியும் பின்னிப் பிணைந்து கிடக்கின்றன என்பதுதான் கட்டுரை. இடம் சுழலும் ஒளியையும் வலம் சுழலும் ஒளியையும் மாற்றி மாற்றிப் பாய்ச்சினால், வெளியே தெறிக்கும் எலெக்ட்ரான்களின் எண்ணிக்கை வித்தியாசப்படும். படிகத்தை அரைவட்டம் திருப்பி வைத்தால் அந்த வித்தியாசமும் தலைகீழாக வேண்டும்.

அளவெடுத்த கடைசி நாள் திருப்பி வைத்துப் பார்த்தாள். திருப்பியதை அந்த வித்தியாசம் சட்டையே செய்யவில்லை. அப்படியென்றால் அத்தனை நாள் கண்டது படிகத்தின் குணமே அல்ல, விளக்கு நின்ற கோணம். "படிகம் காத்துப் பட்டுக் கெட்டுப்போச்சு" என்று எல்லோரிடமும் சொல்லி, அந்த அளவீட்டை மட்டும் கட்டுரையில் சேர்க்காமல் விட்டாள்.

அந்தப் படிகங்களை வளர்த்தவள் புன்னக்காயல்காரி வினோலியா. உலையடியில் நாலு மாதம் காத்துக் கிடந்து வளர்த்தவள். இன்று ஒரு சின்ன டப்பாவோடு வந்து நின்றாள்.

"அக்கா, புதுசா வளத்துட்டேன். இந்தத் தடவ காத்தே படல. பழசையெல்லாம் ஒடச்சுப் போட்டுட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"ஆமாக்கா. என் கைக்கோளாறால ஒங்க பேரு நாளப்பின்ன கெடக்கூடாதுல்லா?"

தஸ்மியா டப்பாவை வாங்கவில்லை.

"உக்காரு வினோ," என்றாள். "அதுல ஒண்ணுகூடக் கெட்டுப்போகல."